தண்ணீர் ஊற்ற வராத அம்மா

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி மழை விட்ட மதியம்.

அன்பு மகள் இசைவாணிக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேரும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உன் அப்பா சுகம், இரண்டு ஆடுகளும் சுகம், இடுப்பு ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் நானும் சுகம்தான். கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் பேப்பரும் பேனாவுமாக நிற்கிறாள் என்று உனக்குத் தோன்றும். எப்போதாவது நீ கூப்பிடும்போதும் போனில் என் வாய் எனக்கு அடங்குவதில்லை இசை. ஒன்று சொல்ல ஆரம்பித்து ஒன்பது சொல்லி முடிக்கிறேன், நீயும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நல்லா இருக்கேன்மா, வெச்சிடட்டுமா என்கிறாய். கடிதம் என்றால் நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிடலாம், பாப்பா தூங்கிய பிறகு மீதியைப் படிக்கலாம். ஒலக்கூர் அந்தோணிசாமி அண்ணனின் மருமகளும் உன்னைப் போல நர்ஸ் வேலைக்கு அயர்லாந்துக்கு வருகிறாள், அதுவும் உங்கள் கார்க் ஊருக்கே வருகிறாளாம். அவளிடம் வறுத்த மல்லாட்டைக் கொட்டையும் சலித்த கேப்பை மாவும் கொடுத்து அனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். சமையல் மேடையில் பேப்பரை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன், கால் மாற்றிக் கால் மாற்றி. கையெழுத்து பால்வாடிப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்தால் சிரிக்காதே.

இங்கே மழை நல்லபடியாகப் பெய்திருக்கிறது. ஏரி பாதிக்கு மேல் வந்துவிட்டது என்கிறார்கள், நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சமையலறை மூலையில் போன வருஷம் ஒழுகிய இடத்திலேயே இந்த வருஷமும் ஒழுகுகிறது. உன் அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறேன் என்றார், வீட்டுக்கு ஒரு இடுப்பு போனது போதும் என்று நான் ஏணியைப் பக்கத்து வீட்டு விசாலாட்சியிடம் கொடுத்து, கேட்டால் தராதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இப்போது நன்றாகச் சமைக்கிறார், அதாவது அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார். ரசம் வைத்தால் சாம்பார் மாதிரி இருக்கிறது, சாம்பார் வைத்தால் இது என்னவென்று கேட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. கேப்பைக் கூழ் மட்டும் என்னைவிட நன்றாகக் கிண்டுகிறார், அதை நான் அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பால்வாடியில் நான் ஓய்வு பெற்ற இடத்துக்குப் புது ஆயா வந்துவிட்டாள். சின்ன வயசுப் பெண், பிள்ளைகள் எல்லாம் அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, இந்த வயதில் இது தேவையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது இது இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கித்தான் ஆட்டையும் ஏணியையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பிரசவத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். விசா வந்தாகிவிட்டது, மாப்பிள்ளை டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார், நம் தெருவில் யாரும் போகாத தூரத்துக்குப் பெரியசாமி சம்சாரம் போகிறாள் என்று எல்லோரும் வந்து பேசிவிட்டுப் போனார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டிய அந்த மாதம் முழுவதும் நான் பயந்துகொண்டே இருந்தேன். அங்கே வசம்பு கிடைக்குமா, கஸ்தூரி மஞ்சள் கிடைக்குமா, பாப்பாவைச் சுற்ற மெத்தென்ற நூல் துணி கிடைக்குமா, உனக்குப் பூண்டுக் குழம்பு பக்குவம் வருமா. ஒவ்வொரு பயம் வரும்போதும் ஒரு பொருளை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். மிக்சியில் அரைத்தால் மருந்தின் குணம் போய்விடும் என்று பிரசவ லேகியத்துக்கு எல்லாவற்றையும் நானே உரலில் போட்டு இடித்தேன். பழைய சேலைகளைத் துவைத்துக் காயவைத்துக் கிழித்தேன். உன் அப்பா, போதும்டி, அந்த ஊரில் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டியைக் குனிந்து இழுத்தேன், குனிந்தவள் நிமிரவில்லை. அவரும் விசாலாட்சியும் சேர்ந்து என்னைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். இங்கே டாக்டர் பார்த்துவிட்டு, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார்ந்து போகிற பேச்சே இப்போது வேண்டாம் என்றார். உன்னை ஆபரேஷனுக்கு அழைத்துப்போனபோது மாப்பிள்ளை அங்கே ஒற்றை ஆளாக நின்றார், நான் இங்கே மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரியும், நம் தெருவில் குழந்தை பிறந்தால் தண்ணீர் ஊற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். மணையில் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து நீவி, ஒருத்தி அண்டாவிலிருந்து சுடுதண்ணீர் மொண்டு ஊற்ற ஊற்ற, நான் கை காலை நீட்டி மடக்கி, தலையை உருண்டையாகப் பிடித்துவிட்டு, சாம்பிராணிப் புகை காட்டிக் கொடுத்தால் அந்தக் குழந்தை சாயங்காலம் வரைக்கும் தூங்கும். இன்றைக்கு நம் தெருவில் பைக்கில் பறக்கிற பையன்களில் பாதிப் பேர் என் காலில் படுத்து அழுதவர்கள்தான். பால்வாடியில் மீட்டிங் போட்டு, குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, காதில் விடக் கூடாது என்று தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லச் சொல்வார்கள், நானும் பகலில் அதைச் சொல்லிவிட்டு விடிந்ததும் வீடு வீடாகப் போய் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் வருவேன். அவ்வளவு பேர் குழந்தைக்கு ஊற்றியவள் தன் மகள் பெற்ற குழந்தைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற முடியவில்லையே என்ற நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. படுக்கையில் கிடந்தபடியே அந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, போனைப் பிடித்துக்கொண்டேன்.

உனக்குக் காலை, எனக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம், தினமும் நீ பாப்பாவைக் குளிப்பாட்டுகிற நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். நீ மேஜை மேல் ஒரு சின்ன டப்பை வைத்து, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, அங்கே சொல்லிக்கொடுத்த மாதிரி அழகாகத்தான் குளிப்பாட்டினாய். எனக்கு அது குளியலாகவே தெரியவில்லை. இப்படித் தொட்டுத் துடைத்தால் குழந்தைக்கு எலும்பு முத்தாது, தலை ஒரு பக்கம் சப்பையாகிவிடும், இடுப்பு நிற்காது என்று தினம் ஒரு பயத்தைச் சொன்னேன். நீ நர்ஸ் படித்தவள், எத்தனையோ பேர் குழந்தைகளைக் கையில் வாங்கியவள், நான் சொன்னது எதையும் நம்பியிருக்க மாட்டாய். "தையல் போட்ட எடமும் இடுப்பும் இன்னும் வலிக்குதும்மா, கால நீட்டி ஒக்கார முடியாதும்மா" என்று அன்றைக்கு நீ சொன்னாய். அதை நான் காதில் வாங்கியிருக்கலாம். வாங்காமல் அழுதேன். "நான் வந்திருந்தா நானே ஊத்தியிருப்பேன், வர முடியாத பாவி ஆயிட்டேன், எங்கையால ஒரு சொம்பு தண்ணிகூட அது மேல படல" என்று அழுதேன். என் பேச்சுக்காக இல்லை, அந்த அழுகைக்காகத்தான் நீ உட்கார்ந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் கொட்டக் கூடாதாமே, அதனால் நீ அந்தப் பெரிய குளியல் தொட்டிக்குள் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்தாய், போனைத் தொட்டியின் விளிம்பில் ஷாம்பு பாட்டிலுக்குச் சாய்த்து வைத்தாய். பாப்பாவைக் காலில் போட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம், இன்னும் கொஞ்சம் குனி, முட்டிக்குக் கீழே தள்ளிப் போடு, எண்ணெய் நன்றாகத் தேய் என்று இங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் தேய்க்கச் சொன்ன எண்ணெய்தான் வழுக்கியது. பாப்பா ஒரு பக்கமாகச் சரிய, நீ திரும்பி எட்டிப் பிடிக்க, போன் கீழே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு உங்கள் வீட்டு மேல்தளமும் அதில் எரிகிற வெள்ளை விளக்கும் மட்டும்தான் தெரிந்தன. பாப்பா வீறிட்டு அழுகிறது, நீ மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறாய், குரல் சரியாக வரவில்லை, நான் இங்கிருந்து இசை இசை என்று கத்துகிறேன், அந்த விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை ஓடி வருகிற சத்தம் கேட்டது, பாப்பாவை வாங்கிக்கொண்டார், உன்னை எழுப்பப் பார்த்தார், முடியலங்க, அசைக்காதீங்க என்றாய். கட்டிலடியில் குனிந்த எனக்கு எந்த இடத்தில் பிடித்ததோ அதே இடத்தில் உனக்கும் பிடித்துக்கொண்டது. பாப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லி நான் என்னை எத்தனையோ தடவை தேற்றிப் பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை, மரியாதைக்குக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்த, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க போன் பண்ணாதீங்க, நாங்களே பண்றோம்" என்றார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெண்ணைப் பெற்றுக் கொடுத்தவளுக்கு இந்தப் புகழேந்தி காட்டுகிற மரியாதை இதுதானா என்று உன் அப்பாவிடம் கத்தினேன். அவர் எனக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், "அந்தப் புள்ள சொன்னதுல இன்னா தப்பு. நீ பேஜாரு பண்ணிக்கினே இருந்தா அவ எப்புடி நிமிருவா" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டார். அவரோடும் பேசுவதை நிறுத்தினேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருத்தி பேசுவதை நிறுத்தினால் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அப்புறம் உன்னிடமிருந்து நல்லா இருக்கேன்மா என்று எழுத்தில் வர ஆரம்பித்தது. காலையில் ஒன்று, இரவு ஒன்று. அந்த வார்த்தையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது. படுத்துக் கிடந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வலி குறையவே இல்லை, இடுப்பில் இருந்தது தோள்பட்டை வரைக்கும் ஏறிவிட்டது.

அதன் பிறகுதான் உன் அப்பா கட்டாயப்படுத்தி என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார். பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும் வரைக்கும் நின்றுகொண்டுதான் போனேன், உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. அங்கே கலைப்பிரியா என்று ஒரு பெண், பிசியோதெரபி பார்க்கிறவள், உன் வயதுதான் இருக்கும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு வயதுக்கு உண்டான தேய்மானம்தான், பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்றாள். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவாயா. இவ்வளவு வலிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாளே என்றிருந்தது. குப்புறப் படுக்க வைத்து முதுகில் கையை வைத்து மூச்சை மெதுவாக விடச் சொன்னாள், நானும் விட்டுக்கொண்டிருந்தேன், அப்போது பையில் இருந்த போன் அடித்தது. அவள் சிரித்துவிட்டாள். "போன் அடிச்சதும் ஒங்க முதுகு பலக மாரி ஆயிடுச்சிம்மா. யாரு போனு அது?" என்று கேட்டாள். உன் அப்பா எடுத்துப் பார்த்தார், கேஸ் சிலிண்டர் வருகிறது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிலிண்டருக்கே இப்படி என்றால் மகளுக்கு எப்படி இருக்கும் என்று அவர் அவளிடம் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. படுத்தபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டி, எண்ணெய், அந்த விளக்கு, எல்லாம்.

அவள் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கவலையால் மட்டும் முதுகு வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் உடம்பு எந்த நேரமும் அடி வாங்கப் போகிற மாதிரி இறுகிக்கொண்டே இருந்தால் அது எப்போது ஆறும் என்று கேட்டாள். படுத்தே கிடக்காதீர்கள், வலித்தாலும் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள் என்றாள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி ஒவ்வொரு காலாக நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடித்து விடச் சொன்னாள். கையையும் முட்டியையும் தரையில் ஊன்றிப் பூனை மாதிரி முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்கச் சொன்னாள், அது ஒன்றை நான் கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்கிறேன், ஆனாலும் உன் அப்பா வெளியிலிருந்து மியாவ் என்கிறார். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன், சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாததா. இருந்தாலும் தெரிந்தவர்கள்தான் தனக்கென்று வரும்போது செய்ய மாட்டார்கள். பால் கொடுக்கும்போது நீ குழந்தையிடம் குனியாதே, மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உன்னிடம் ஏற்றிக்கொள். ஒரே இடுப்பில் சுமக்காதே. கால் மரத்துப் போகிறது என்று ஒரு நாள் தோன்றினாலும் பொறுத்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பார். பார்த்தாயா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது நான் தெருக்கோடி வரைக்கும் நடந்து போய் வருகிறேன். கவலை வரும்போதுதான் போகிறேன், அதனால் நிறைய நடக்கிறேன். பாப்பாவுக்கு ஜுரம் அடித்திருக்குமோ, நீ மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாயோ என்று மனம் ஓட ஆரம்பித்தால் முன்பெல்லாம் போனை எடுப்பேன், இப்போது செருப்பை மாட்டுகிறேன். திரும்பி வருவதற்குள் கவலை தீர்ந்துவிடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன், பாதி நாள் அதுவும் கூடவே நடந்து கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் உனக்குப் போன் அடிக்கவில்லை பார், அந்த அளவுக்கு லாபம்.

போன வாரம் தெருவில் தென்னரசு இருக்கிறான் இல்லையா, அவன் பெண்டாட்டி அஸ்வினி குழந்தை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். அஸ்வினியின் அம்மா என்னைக் கூப்பிட வந்துவிட்டாள், அக்கா நீங்கள் வந்து முதல் தண்ணீர் ஊற்றினால்தான் ஆயிற்று என்றாள். என்னால் காலை நீட்டி உட்கார முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, போய் நின்றேன். அங்கே போனால் அஸ்வினி ஒரு பெஞ்சு மேல் பிளாஸ்டிக் டப்பை வைத்திருக்கிறாள், தென்னரசு தலையைத் தாங்கிக்கொள்கிறான், அவள் நின்றபடியே கையால் அள்ளி அள்ளி ஊற்றுகிறாள். அவள் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. என் கை துறுதுறு என்கிறது, வாய் அதைவிட. இரண்டையும் அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தக் குழந்தை அழவில்லை இசை. தண்ணீருக்குள் காலை உதைத்துக்கொண்டு தன் அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. என் காலில் படுத்த எந்தக் குழந்தையும் அழாமல் குளித்ததில்லை, அழுதால்தான் நெஞ்சு விரியும் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த டப்பைப் பார்த்தபோது எனக்கு உன் மேஜையும் உன் சின்ன டப்பும் ஞாபகம் வந்தன. நம் பாப்பாவும் அதில் அழவில்லை. நான்தான் அதைப் பார்க்கவில்லை. தினமும் வீடியோவில் பார்த்தேன், உன் கை சரியில்லை, டப் சரியில்லை, தண்ணீர் போதவில்லை என்று பார்த்தேன், பாப்பாவின் முகத்தை ஒரு நாளாவது நிதானமாகப் பார்த்தேனா. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், நீங்க அன்னிக்கு சொன்னது சரிதான் என்றேன். அவர் கிண்டல் செய்யவில்லை, கூழ் ஊற்றிக் கொடுத்தார்.

பிரசவத்துக்கு வர முடியாமல் போனதற்காக முதலில் வருத்தப்பட்டேன். அது உடம்பு செய்த வேலை, அதை இப்போது விட்டுவிட்டேன். விட முடியாதது வேறு. முதல் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, வயிற்றில் தையலோடு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில் நீ இருந்தாய். அப்போது உனக்கு அம்மா தேவைப்பட்டாள். நீ போனை எடுத்தபோதெல்லாம் குறை கண்டுபிடிக்கிற ஒரு அதிகாரி அல்லவா அதில் இருந்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ரொம்ப வலிக்கிறதா கண்ணு என்று நான் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. நீ உன் குழந்தையைப் பார்த்து ரசித்திருக்க வேண்டிய நாட்களில் அம்மா என்ன சொல்வாளோ என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த நாட்கள் எனக்குப் போனது போகட்டும், உனக்கும் போய்விட்டதே, அதை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பேன். பாப்பா இப்போது கவிழ்ந்து படுக்கிறாளாம், மாப்பிள்ளை உன் அப்பாவுக்குப் படம் அனுப்பியிருந்தார். இனி யாரும் அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியாது, அந்த வயது தாண்டிவிட்டது. நான் அதைப் பார்த்து அழுதேன், அப்புறம் படத்தைப் பெரிதாக்கி அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். உன் நெற்றி அவளுக்கு.

மாப்பிள்ளை உன் அப்பாவிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், என்னிடம் கேட்கப் பயம் போலிருக்கிறது. டிக்கெட்டை மறுபடியும் எடுக்கட்டுமா, அத்தை பொங்கலுக்கு முன்னால் வருவாங்களா, இசைதான் கேக்கச் சொன்னா என்றாராம். நான் உடனே வேண்டாம் என்றுவிட்டேன். கீழே உட்கார முடியாது, குழந்தையைத் தூக்க முடியாது, குனிந்து ஒரு துணி அலச முடியாது, இந்த நிலைமையில் அங்கே போய் என்ன செய்யப் போகிறேன், அவளே முதுகு வலியோடு இருக்கிறாள், அவளுக்கு நான் ஒரு பாரமா என்று கேட்டேன். உன் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அவ இன்னா வேலைக்கு ஆளா கேட்டா? அம்மாவத்தான கேட்டா" என்றார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கையில் வேலை இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் போனதில்லை. கல்யாணமோ சாவோ, போனதும் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், அங்கேதான் எனக்கு இடம் என்று நினைத்திருந்தேன். வேலை இல்லாமல் ஒருவர் வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் போனிலும் வேலை செய்துகொண்டே இருந்தேன். இப்போது கேட்கிறேன், கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வந்தால் பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன், தூக்கிக்கொண்டு நடக்க மாட்டேன், உனக்குப் பத்தியம்கூட நின்று வைக்க முடியுமோ என்னவோ. ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உனக்கு இடுப்பு வலித்தால் வலிக்குதும்மா என்று நீ சொல்லலாம், எனக்கு வலித்தால் நானும் சொல்வேன், இரண்டு பேரும் சேர்ந்து படுத்துக்கொள்ளலாம். எந்த வேலைக்கும் ஆகாத இந்த அம்மா வந்தால் உனக்குப் போதுமா கண்ணு? போதாது, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று உன் மனதில் இருந்தால் அப்படியே சொல், நான் தாங்கிக்கொள்வேன். நல்லா இருக்கேன்மா என்று மட்டும் எழுதாதே.

நீயும் மாப்பிள்ளையும் எங்கள் நறுமுகைப் பாப்பாவும் நோய்நொடி அண்டாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், மயிலம் முருகன் உங்களுக்குத் துணையிருப்பான். உன் அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், அவர் வைக்கிற சாம்பாரைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றும் சொன்னார், அது முன்னாலேயே எழுதியாகிவிட்டது. மறக்காமல் ஒன்று செய். மாப்பிள்ளை அன்றைக்கு என்னிடம் சொன்னது சரிதான் என்று அத்தை எழுதியிருக்கிறாள் என்று அவரிடம் இந்த வரியைக் காட்டு. எனக்கு நேரில் சொல்ல வருமோ வராதோ.

உன் பதிலுக்காகப் பயந்துகொண்டும் ஆசைப்பட்டுக்கொண்டும் இருக்கிற
அம்மா,
பெ. பிரபாவதி